கூரையில் படர்ந்த சுரை, மாடியில் நிற்கும் பை

அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுச் சாலையோரம் சற்று நேரம் நின்றால் இரண்டு வகை வண்டிகள் எதிரெதிராகப் போவதைப் பார்க்கலாம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி ஊர்ந்துபோகும். எதிர்ப்புறம் ஒலிபெருக்கி கட்டிய ‘சின்ன யானை’ வண்டி ஒன்று தக்காளியும் கத்தரியும் வெங்காயமும் கூவிக்கொண்டு தெருவுக்குள் திரும்பும். கரும்பு இந்த மண்ணில் விளைந்தது. தக்காளி பல நாட்களில் ஆந்திரத்து மதனப்பள்ளியிலோ கர்நாடகத்துக் கோலாரிலோ ஏலம் போய், மண்டி மண்டியாகக் கைமாறி இங்கே வந்தது. சாத்தனூர் அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில், கிணறும் மோட்டாரும் உள்ள ஒரு விவசாய ஊர் தன் ரசத்துக்கான தக்காளிக்கு மாநில எல்லைக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருக்கிறது.

விலை ஏறும்போதுதான் இது உறைக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சின்ன வெங்காயம் 200 ரூபாய்க்குப் போனது. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசு ஏற்பாடு செய்தது. சென்னையின் தக்காளி விலை தலைப்புச் செய்தியானது. கிராமத்துக்குக் காய்கறி விலை ஒரு கவலையா என்று கேட்கிறவர்கள் உண்டு. கவலைதான். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். சோறு இலவசமாகக் கிடைக்கிற வீட்டில் குழம்புதான் செலவு. கரும்பு வெட்டுக் கூலியிலும் நூறு நாள் வேலைக் கூலியிலும் ஓடுகிற குடும்பம் அரைக் கிலோ தக்காளியைக் கால் கிலோ ஆக்கும். பிறகு பிள்ளைகளுக்கு மட்டும் பொரியல் என்று ஆக்கும். கடைசியில் பொரியலே நின்றுவிடும். அந்த வீட்டில் யாரும் பசியோடு படுப்பதில்லை, ஆனால் தட்டில் வெள்ளைச் சோறும் புளித்தண்ணீரும்தான் இருக்கும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. காய்கறி விலையைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

முன்பு இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

கூரை வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் வீட்டின் முகடே ஒரு விளைநிலம். ஆடிப்பெருக்கை ஒட்டிச் சுவரோரம் குழி எடுத்து, எருவும் சாம்பலும் போட்டு, சுரைக்கு ஒரு குழி, பீர்க்கைக்கு ஒரு குழி, கல்யாணப் பூசணிக்கு ஒரு குழி என்று விதை ஊன்றுவார்கள். ஒரு மிலாறைச் சாய்த்துவைத்தால் கொடி தானே கூரை ஏறிவிடும். புரட்டாசியில் பூ, ஐப்பசியில் பிஞ்சு. கரும்புத் தோகையோ தென்னங்கீற்றோ வேய்ந்த கூரையில் காய் அழுகாமல் கிடக்கும். ஏணி வைத்துப் பறிக்க வேண்டும். வாசல் ஓரத்தில் அவரைப் பந்தல். குளிக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போகும். எருக்குழி மேட்டில் யாரும் ஊன்றாமலே பரங்கி முளைக்கும். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் மிளகாய்ச் செடி, பக்கத்தில் தண்டுக்கீரை. வேலியில் கோவை. மூலையில் முருங்கை. எங்கிருந்தோ காக்கை போட்ட விதையில் முளைத்த பப்பாளி. இதற்கெல்லாம் யாரும் ‘தோட்டம்’ என்று பெயர் வைக்கவில்லை. கொல்லை என்றால் எங்கள் பக்கம் புன்செய்க் காடு. வீட்டைச் சுற்றி இருந்ததற்குப் பெயரே தேவைப்படவில்லை.

விதை வீட்டிலேயே இருந்தது. முதல் காயை முற்றவிட்டு விதைக்கு வைப்பார்கள். கத்தரி விதையைச் சாம்பலில் பிசைந்து, வறட்டியில் தட்டிச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். அவரை விதை வேப்பிலையோடு பானையில் கிடக்கும். சுரை விதைக்குச் சுரைக்குடுக்கையே பெட்டி. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பெண்கள் வரும்போது முந்தானை முடிச்சில் நாலு விதை வரும்; போகும்போது நாலு விதை போகும். “அக்கா, ஒரு கொத்து முருங்க ஒடிச்சிக்கறேன்” என்றால் யாரும் மறுப்பதில்லை. விளக்கு வைத்த பிறகு மட்டும் கேட்கக்கூடாது.

அன்று அடுப்பு தோட்டத்தைக் கேட்டுத்தான் எரிந்தது. என்ன காய்த்ததோ அதுதான் குழம்பு. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தக்காளி இல்லாமல் குழம்பு வைக்கத் தெரியாத ஒரு சமையல் அன்று கிடையாது. புளிப்புக்குப் புளி இருந்தது, மாங்காய்ப் பருவத்தில் மாங்காய் இருந்தது, புளிச்சகீரை இருந்தது. வெயில் காலத்தில் மிஞ்சிய கத்தரியையும் கொத்தவரையையும் அறுத்து உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். சுண்டை வற்றல், மிதுக்கு வற்றல், மாவற்றல், மோர் மிளகாய் எல்லாம் பானையில் ஏறும். அடைமழைக் காலத்தில் செடிகள் அழுகி நிற்கும்போது வற்றல் குழம்பு கொதிக்கும். பனி விழத் தொடங்கினால் அவரை வந்துவிடும். பொங்கலுக்கு அவரை, மொச்சை, பரங்கி, கருணை, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய் போட்ட கூட்டுக் குழம்பு, அந்த மாதத்தில் என்ன விளைகிறது என்பதன் பட்டியல்தான்.

இனி மறுபாதி. எல்லார் வீட்டைச் சுற்றியும் இடம் இருந்ததில்லை. ஊர்த்தெருவில் மாட்டுக்கொட்டகையும் எருக்குழியும் கிணறும் உள்ள வீட்டுக்கு இருந்தது. காலனியில் இரண்டு சென்ட் மனையில் இரண்டு தலைமுறை குடியிருந்த வீட்டுக்கு இல்லை. அந்த வீட்டுப் பெண்களின் தோட்டம் அடுத்தவர் நிலத்தில் இருந்தது. களை எடுக்கப்போனால் மடியில் கீரை வரும். பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி. நிலத்துக்காரருக்கு அது களை. கூலிக்காரம்மாவுக்கு அன்றைய ராத்திரிக் குழம்பு. கூலி கணக்கில் அது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் பிள்ளைகளின் உடம்பில் ஏறிய இரும்புச்சத்தில் ஒரு பங்கு அந்த மடியிலிருந்து வந்தது.

அந்த மடிதான் முதலில் காலியானது. கரும்புக்கு அட்ரசின் தெளித்தால் அகன்ற இலைச் செடிகள் முளைவிடும்போதே கருகும். பிறகும் முளைப்பவற்றுக்கு 2,4-டி. அகன்ற இலைக் களை என்று டப்பாவில் எழுதியிருக்கும் பட்டியலில் பாதி, ஏழைகள் சாப்பிட்ட கீரை. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று விவசாயி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கீரை போனதற்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. கிலோ கணக்கில் இலவசமாக வந்தது, இன்று கட்டு 20 ரூபாய்க்குச் சின்ன யானையில் வருகிறது.

மற்ற மாற்றங்கள் ஒவ்வொன்றும் நல்லதற்கே வந்தவை. கூரை வீடு தீப்பிடிக்கும், ஒழுகும், பாம்பு வரும். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கி, பிறகு வந்த திட்டங்களிலும் ஆயிரக்கணக்கான கூரைகள் கான்கிரீட் ஆயின. கான்கிரீட் வீடு வேண்டாம் என்று சொல்ல, அதில் குடியிருக்காதவர்களுக்கு மட்டும்தான் வாய் வரும். ஆனால் சுரைக்கொடிக்குப் படர இடம் போயிற்று. சித்திரை வெயிலில் தளத்தில் கை வைக்க முடியாது. கொடியின் நுனி கருகிவிடும். தெருவுக்குச் சிமென்ட் சாலை வந்தது, வீட்டோரத்து மண் அதற்குள் போனது. குளியல் தண்ணீர் வாழைக்குப் போகாமல் சாக்கடைக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகிறது. மாடு குறைந்ததால் எருக்குழியும் இல்லை. சாணமே காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. பெரிய நிலத்தில் கரும்பு ஏறியபோது வரப்பில் நின்ற அகத்தியும் துவரையும் ஆமணக்கும் நிழல் விழுகிறது என்று வெட்டப்பட்டன. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். அதன் பிறகு மறுதாம்பு. அத்தனை மாதமும் அந்த நிலத்திலிருந்து அடுப்புக்கு ஒன்றும் வராது.

மேற்கே மலையிலும் இதே கதைதான் வேறு பயிரில் நடந்தது. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் போட்டு, ஊடே துவரை, காராமணி, அவரை விதைத்தார்கள். ஒரு துண்டு நிலத்திலிருந்து சோறும் குழம்பும் சேர்ந்து வந்தன. மரவள்ளி ஏறிய பிறகு லாரி கிழங்கை ஏற்றிக்கொண்டு ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. காய்கறி கீழேயிருந்து மலை ஏறுகிறது. விலை ஏறும்போது வண்டி வாடகையும் சேர்ந்து ஏறுவதால், மலையில் இருப்பவர்கள் சமவெளிக்காரர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் பயிரிடுங்கள் என்று அரசுகள் சொல்வது புதிதல்ல. போர்க் காலத்தில், 1942இல், ‘அதிக உணவு பயிரிடுவோம்’ இயக்கத்தை ஆங்கிலேய அரசு தொடங்கியது. 1965இல் லால் பகதூர் சாஸ்திரி தன் அரசு இல்லத்துப் புல்தரையையே உழுது பயிரிட்டுக் காட்டினார். நமக்கு அருகில் மிகக் கசப்பான பாடம் இலங்கையுடையது. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதே ஆண்டு ஜூனில் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்புக் கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள். விதைத்த கீரை மூன்று வாரத்தில் வரும், கத்தரி மூன்று மாதத்தில் வரும், பலா பல வருடத்தில் வரும். யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளில் ஏற்கெனவே முருங்கையும் வாழையும் மாவும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்த ஆண்டு தோட்டம் கைகொடுத்தது. நெருக்கடி வந்த பிறகு ஊன்றும் விதை அடுத்த நெருக்கடிக்குத்தான் உதவும்.

தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னை, கோவை நகரங்களுக்காக மாடித்தோட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2021 இறுதியில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 900 ரூபாய்த் தொகுப்பு மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. செடி வளர்க்கும் பைகள், தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் அதில் உண்டு. கிராமங்களுக்கு 12 வகை விதைப் பொட்டலங்கள் 15 ரூபாய்க்கு. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் இன்னும் ஒரு படி போனது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள். பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள். மரத்துவரை, காராமணி, அவரை விதைகள். மூன்று தொகுப்பும் முழு மானியத்தில். இந்த மூன்றாவது தொகுப்பைத் திட்டமிட்டவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. வரப்பிலிருந்து போனவற்றையே அது திருப்பிக் கொண்டுவருகிறது.

இப்போது ஊரில் கான்கிரீட் தளங்களில் பைகள் நிற்கின்றன. யூடியூப் பார்த்து, வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, பழைய பெயின்ட் வாளியிலும் உடைந்த குடத்திலும் செடி வைக்கிற இளம்பெண்கள் இருக்கிறார்கள். 2020 ஊரடங்கில் சந்தை மூடியபோது தொடங்கியவர்கள் பலர். அவர்கள் உற்சாகம் உண்மையானது. ஆனால் அவர்களில் பலர் இரண்டாம் ஆண்டு விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று பார்த்தால் பெரும்பாலும் தக்காளியில் வந்து நிற்கும்.

தக்காளி விலை எப்போது ஏறுகிறது? கோடை முடிந்த ஆனி, ஆடியிலும், அடைமழை முடிந்த கார்த்திகை, மார்கழியிலும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். அதன் பலன் ஒன்றரை மாதம் கழித்துச் சந்தையில் தெரியும். அடைமழையில் செடி அழுகும், இலைக்கருகல் வரும். மதனப்பள்ளித் தோட்டத்தில் பூ உதிர்க்கிற வெயில் மூங்கில்துறைப்பட்டு மாடியிலும் அடிக்கிறது. கான்கிரீட் தளத்தில் இன்னும் கூடுதலாகவே அடிக்கிறது. ஆகவே தக்காளி 100 ரூபாய் விற்கும்போது வீட்டுச் செடியிலும் தக்காளி இருக்காது. தை, மாசியில் வீட்டுச் செடி காய்த்துக் குலுங்கும்போது சின்ன யானையில் மூன்று கிலோ 50 ரூபாய். விலையேற்றத்துக்கு எதிராகத் தக்காளி நடுகிறவர்கள் தோற்பது அவர்கள் குற்றமில்லை. தோட்டத்தைக் கேட்டுச் சமைத்த காலம் போய், கடைச் சமையலை அப்படியே தோட்டத்தில் கேட்கிறோம். எந்தத் தோட்டமும் அதைத் தர முடியாது.

கணக்கும் பார்க்க வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதல்படி ஒருவருக்கு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 48 கிலோ காய்கறி. கிலோ சராசரி 40 ரூபாய் என்றாலே 1,920 ரூபாய். ஒரு கத்தரிச் செடி நன்றாக வந்தால் அதன் ஆயுளில் ஒன்றிரண்டு கிலோ தரும். ஆறு பை வைத்து வீட்டுக் காய்கறிச் செலவு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதை வாங்குவது, எதை வளர்ப்பது என்று பிரிப்பதில்தான் இலாபம். வெங்காயம், உருளை, தக்காளி வாங்க வேண்டியவை. கீரை, கறிவேப்பிலை, மிளகாய், அவரை, சுரை, முருங்கை, பப்பாளி வளர்க்க வேண்டியவை. கீரை பறித்த ஒரு மணி நேரத்தில் வாடுகிற பொருள். தூரத்திலிருந்து வருவது விலையும் கூடுதல், சத்தும் குறைவு. எட்டடிக்கு நாலடிப் பாத்தியைப் பிரித்து வாரம் ஒரு கோடு விதைத்தால் ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் கீரை ஓயாது.

முருங்கையைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மழைக்காலத்தில் காய்க்காது, அதனால்தான் மார்கழியில் முருங்கைக்காய் கிலோ 300 ரூபாயைத் தாண்டுகிறது, செய்தியாகிறது. அந்த மாதத்திலும் மரத்தில் இலை இருக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்-1 விதைத்த ஆறாவது மாதமே காய்ப்புக்கு வந்து, ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் தரும். வேலி மூலையில் மூன்றடி இடம் போதும். நாட்டு முருங்கைக்கு ஒரு போத்து நட்டால் முடிந்தது. இரத்தச்சோகைக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிற தெருவில் முருங்கைக் கீரை பறிக்க ஆளில்லாமல் பழுத்து உதிர்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கம்பளிப்பூச்சி வரும் என்று மரத்தையே வெட்டுகிறார்கள். தீப்பந்தமோ சோப்புத் தண்ணீரோ போதும்.

பப்பாளிக்கும் ஒரு கதை உண்டு. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய மாவுப்பூச்சி இரண்டே ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் பரவி, வீட்டுப் பப்பாளிகளை வெள்ளையாக மூடிச் சாய்த்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் ஊர் ஊராக விட்டன. பூச்சி அடங்கியது. வீட்டு மரத்தில் வெள்ளை படிந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அந்தக் குளவி இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, மருந்து முதலில் அதைத்தான் கொல்லும்.

அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் நாட்டுக் கொடி கார்த்திகைப் பனிக்குக் காத்திருக்கும். சரியாக மற்ற காய்கள் விலையேறி நிற்கும் மாதங்களில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 இலட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வயலும் வீடும் மூழ்கின. அப்படிச் சாலை துண்டிக்கும் நாட்களில் காய்கறி வண்டி வராது. மேட்டுத் தெருவில் பந்தல் வைத்த வீட்டில் அவரை இருக்கும், முருங்கைக் கீரை இருக்கும், பானையில் வற்றல் இருக்கும். பழைய வீட்டுக்காரி இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாள்.

இன்றைய தொகுப்பில் வரும் விதை ஒட்டுரகமாக இருந்தால், அது ஒரு பருவத்துக்கு மட்டுமே. ஒட்டுரக விதையை எடுத்துவைத்தால் அடுத்த ஆண்டு ஒரு செடிபோல் இன்னொன்று வராது. அவரை, காராமணி, சுரை, பரங்கி, கீரை இவற்றில் நாட்டு விதை கிடைத்தால் ஒரு காயைச் செடியிலேயே முற்றவிட்டு எடுத்துவைக்கலாம். சுரையும் பூசணியும் அடுத்த தெருப் பூவோடு கலக்கும். நல்ல கொடியில் ஒரு பெண்பூவை முதல்நாள் மாலையே துணியால் கட்டிவைத்து, அது விரியும் நேரத்தில் அதே கொடியின் ஆண்பூவைத் தொட்டுவிட்டு மறுபடி கட்டினால் ஜாதி கலையாது. சுரை மாலையில் விரியும், பரங்கி விடியலில் விரியும்.

தண்ணீர் விஷயத்தில் இன்று அன்றைவிட நல்ல காலம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு 220. குளித்ததும் அரிசி கழுவியதும் சேர்த்து அதில் பாதியாவது வீட்டைவிட்டு வெளியே போகிறது. ஒரு வாழை, ஒரு பப்பாளி, ஒரு முருங்கை, இரண்டு பாத்திக் கீரைக்கு அதுவே மிச்சம். சிமென்ட் சாலை போடும்போது வீட்டு வாசலில் இரண்டடி மண்ணை விட்டுவைக்கச் சொல்லிக் கிராம சபையில் கேட்கலாம். அதற்குச் செலவு கிடையாது.

நிலம் உள்ளவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. கரும்பு நட்டு முதல் மூன்று மாதம் பாருக்குப் பார் வெயில் விழும். ஐந்தடி இடைவெளியில் நட்டால் இன்னும் நன்றாக விழும். அந்த மூன்று மாதத்தில் முள்ளங்கி, கொத்தமல்லி, கீரை, பாசிப்பயறு எல்லாம் வந்துவிடும். ஊடுபயிர் போடுகிற அந்தப் பாரில் களைக்கொல்லி தெளிக்க முடியாது. களை எடுக்க வருகிற பெண்களின் மடிக்கு மறுபடியும் தொய்யக்கீரை கிடைக்கும். இரண்டு சென்ட் மனைக்காரருக்கு விதைப் பொட்டலம் மட்டும் கொடுத்தால் போதாது. மேல்நிலைத் தொட்டி வழிந்து ஓடும் இடம், பள்ளிச் சமையற்கூடத்தின் பின்பக்கம், அங்கன்வாடி வேலி என்று ஊராட்சியின் கையில் ஈரமண் இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்து, காலனிப் பெண்களின் மகளிர் குழுவிடம் எழுதிக் கொடுக்க ஒரு தீர்மானம் போதும். ஆடி பிறப்பதற்குள் போட வேண்டும்.